நாவலரும் சிறுவர் வாசிப்புக்குரிய இலக்கணப் பெயர்களும்

தமிழ்ச் செய்யுளொன்றை வாசிக்கப் புகும் மாணாக்கனுக்கு முதலில் எதிர்ப்படும் இடையூறு அச்செய்யுளன்று. அதனைச் சூழ்ந்து நிற்கும் பெயர்களேயாம். எழுவாய், பயனிலை, ஆகுபெயர், அன்மொழித்தொகை, உருவகம், பொழிப்புரை என ஆசிரியர் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுகின்றார். அவன் அவற்றைக் கொப்பியில் எழுதி, மனனஞ் செய்து, சாதாரணதரப் பரீட்சை நடக்கும் மண்டபத்திலே இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையனாய் வீடு திரும்புகின்றான். பெயர் அவன் நாவில் நின்றது. செய்யுளோ அவனுக்குத் திறக்கவேயில்லை.

இவ்விடர் இன்று தோன்றியதன்று. நூற்றெழுபது வருடங்களுக்கு முன்னரே இதனைக் கண்டு மருந்து தேடியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். அவருடைய சரித்திரம் சைவாசிரியர்களுக்குப் புதிதன்று. ஆயினும், அவரைப் பிரசங்கியாராகவும் கண்டனகாரராகவும் போற்றுவது போலச் சிறுவர் கைப்புத்தகம் ஆக்கிய உபாத்தியாயராக நினைப்பது குறைவு. அப்பகுதியையே ஈண்டு எழுதப் புகுந்தாம்.

நாவலர் 1822ஆம் வருடம் டிசம்பர் மாதம் 18ஆந் திகதி நல்லூரிற் பிறந்தார். தந்தையார் கந்தர், தாயார் சிவகாமியார். பிள்ளைத் திருநாமம் ஆறுமுகம். தந்தையார் தமிழ் வல்லவர். நாடகம் இயற்றும் பழக்கமும் உடையவர். அவர் ஒரு நாடகத்தை முற்றுவியாமலே தேகவியோகமடைய, ஒன்பது வயதுச் சிறுவராயிருந்த ஆறுமுகம் அதனை எடுத்துப் பாடி முடித்தார் என்று சரித்திரமெழுதினோர் கூறுவர். நல்லூர்ச் சுப்பிரமணிய உபாத்தியாயரிடத்தும், பின்னர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும், அப்புலவர்க்கும் ஆசிரியராகிய இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் அவர் கற்றார்.

அக்காலத்துக் கல்வி ஓலையேட்டுக் கல்வி. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அருமை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேற்றுமை தெளிவாயிராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியில்லை. வாக்கியம் முடியுமிடத்திற் குறியுமில்லை. பொருள் தெரிந்தாலன்றி வாசிக்க முடியாது. வாசித்தாலன்றிப் பொருள் தெரியாது. எம்மூராகிய குச்சவெளியிற் கடலை அடுத்த பாறையொன்றிலே பழைய வடமொழிச் சாசனம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. நாடோறும் அதன் அருகே நடந்து செல்வோர்க்கு அது கல்லிற் கிடக்கும் கீறலேயன்றி வேறன்று. வழியறியாத சிறுவனுக்கு ஏடும் அத்தன்மைத்தே. ஆகவே அவன் நிகண்டையும் நன்னூற் சூத்திரங்களையும் முதலில் நெஞ்சிற் பதித்துக்கொள்வான். பொருள் பின்னொருகால் ஆசிரியர் வாய் திறக்கும்போது வரும். வாய் திறவாத ஆசிரியரும் இருந்தனர்.

ஆறுமுகம் தமிழோடு ஆங்கிலமும் கற்க விரும்பி, யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார். அதன் தலைவராயிருந்தவர் பேர்சிவல் பாதிரியார். 1841ஆம் வருடம், இருபது வயது நிரம்புமுன்னரே, அப்பாடசாலையில் ஆசிரியராயினார். பேர்சிவல் பாதிரியார் கிறிஸ்தவ வேதத்தைத் தமிழிற் பெயர்க்கும் வேலையில் இவரைத் துணைக்கொண்டார். அம்மொழிபெயர்ப்பு சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மழவை மகாலிங்கையராலே பார்வையிடப்பட்டு நன்று என ஒப்புக்கொள்ளப்பட்டது என்ப.

யாமும் பாதிரிமார் தாபித்த பாடசாலையொன்றிற் கற்றவரே. ஆதலின் அங்கே நாவலர் பெற்றது யாது என்பதை ஒருவாறு உணர்தல் கூடும். ஆங்கில அறிவு ஒன்று. அதனினும் பெரியது மற்றொன்று உண்டு: வகுப்பு என்னும் ஒழுங்கு. ஒரே வயதுப் பிள்ளைகள் முப்பதின்மர் ஒருங்கிருந்து, ஒரே அச்சுப் புத்தகத்தை ஒருசேரத் திறந்து, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏறுவது திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் புதியது. வேதத்தைத் தமிழாக்கிய வேலையும் அவருக்கு ஒரு பயிற்சியாயிற்று. பிறமொழி வாக்கியமொன்றைத் தமிழில் அமைப்பவன், எழுவாய் எது, பயனிலை எங்கே முடிகின்றது, எந்த எச்சம் எந்த வினையைத் தழுவுகின்றது என ஒவ்வோரடியிலும் தன்னையே வினாவ வேண்டும். அவ்வினாவைப் பல வருடம் வினாவிப் பழகியவர் கையிலிருந்தே பின்னர்த் தமிழ் வசனநடை அத்துணைத் தெளிவோடு பிறந்தது என்பது எமது துணிபு. இதனைச் சொல்லச் சைவர் கூசவேண்டுவதில்லை.

1847ஆம் வருடம் டிசம்பர் மாதம் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவருடைய முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. அடுத்த வருடம் மிஷன் உத்தியோகத்தை விட்டார். வேதனமும் மதிப்பும் உள்ள இடத்தை விடுத்து வந்தவர்க்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. அவ்வருடமே, 1848இல், வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். இல்லறத்திற் புகவில்லை, ஈட்டியதெல்லாம் பாடசாலைக்கும் அச்சுக்கூடத்துக்குமே சென்றன.

பாடசாலை திறந்தவுடன் வந்த முதல் முட்டுப்பாடு புத்தகமின்மை. மிஷன் பாடசாலைகளுக்கு அவரவர் அச்சுக்கூடம் இருந்தது. சைவப் பிள்ளைகளுக்கு ஏட்டுப் பிரதி ஒன்றிரண்டே. 1849இல் நாவலர் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு தமிழ்நாட்டுக்குக் கடல் கடந்து போனது அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டே. அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அவர்க்கு அளித்தனர். பட்டத்தை எல்லாரும் சொல்லுவர். அப்பயணத்தில் அவர் சென்னையில் அச்சிட்ட நூலைச் சொல்லுவார் சிலரே. அவற்றுள் ஒன்று சூடாமணி நிகண்டின் உரை. பிள்ளைகள் பொருளறியாது ஒப்புவித்துவந்த நூலுக்கு உரை சேர்த்து அச்சிலேற்றியதைத் தற்செயல் என்று எம்மாற் கொள்ளக்கூடவில்லை.

மீண்டுவந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவிப் பாலபாடங்களை வெளியிட்டார். முதற் புத்தகம் எழுத்திலிருந்து சிறு சொற்களுக்கும், அவற்றிலிருந்து சிறு வாக்கியங்களுக்கும் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்துகின்றது. நான்காம் புத்தகத்தை எட்டும்போது கல்வி, தானம், அழுக்காறு, செய்ந்நன்றியறிதல் முதலிய பொருள்களைப் பற்றி நீண்ட வசனங்களை அவன் தானே வாசிக்கின்றான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வாக்குண்டாம், நன்னெறி என்னும் நீதிநூல்களுக்கும் உரை செய்தார். இவற்றோடு காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளையும் தமிழ் வசனத்திலே முறையாக இட்டார். இக்குறிகள் மேல்நாட்டிலிருந்து வந்தவையாயினும், அவை செய்யும் வேலை எழுவாய் பயனிலைகளின் எல்லையைக் கண்ணுக்குக் காட்டுவதே. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்திற் சந்தி விகாரங்களையும் இயன்றவரை குறைத்து, பெரும்புலமையில்லாதாரும் வாசிக்கத்தக்கதாக அமைத்தார். இலக்கணம் வல்லவர் ஒருவர் சந்தியைப் பிரித்து எழுதத் துணிந்ததைப் புலவர் சிலர் குறைவாக எண்ணியிருத்தல் கூடும். அவர் எழுதியது புலவர்க்கன்று.

இனி இலக்கணத்துக்கு வருவாம். நன்னூலுக்குச் சங்கரநமச்சிவாயர் செய்து சிவஞான முனிவர் திருத்திய விருத்தியுரையை 1851இல் அச்சிட்டவரும் நாவலரே. அது புலவர்க்குரியது. சிறிது கற்றார்க்கு விசாகப்பெருமாளையர் செய்த காண்டிகையுரையைத் திருத்தி விளக்கி அமைத்தார். சிறுவர்க்கென்றே இலக்கணச் சுருக்கத்தையும் இலக்கண வினாவிடையையும் எழுதினார். ஒரே பொருளை மூன்று படியில் வைத்த இம்முறையை ஆசிரியர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு விருத்தியுரையை உடைத்துக் கொடுப்பதும், பெரிய மாணாக்கனைச் சுருக்கத்திலேயே நிறுத்திவிடுவதும் இன்றும் நம்மிடையே நிகழ்கின்றன.

விருத்தி, காண்டிகை என்னும் பெயர்களையே சற்று விளக்கிச் செல்லுதல் நன்று. சூத்திரத்தின் கருத்து, பதப்பொருள், உதாரணம் ஆகிய மூன்றோடு வினாவும் விடையுங் கொண்டு உட்பொருளைத் தோன்றச் செய்வது காண்டிகை என்பது நன்னூலார் கொள்கை. இவற்றின்மேலும், அவ்விடத்துக்கு இன்றியமையாத பிறவற்றையும் விரித்து ஐயமற உரைப்பது விருத்தி. செய்யுளுரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தருவது பதவுரை. அவற்றைத் திரட்டி ஓட்டமாகத் தருவது பொழிப்புரை. புலவன் உள்ளக்கிடக்கையை எடுத்துச் சொல்வது கருத்துரை. இவை மூன்றும் வேறு என்றறியாத பிள்ளை, பொழிப்பு எழுதுக என்ற வினாவுக்குக் கருத்தை இரண்டு வரியில் எழுதிப் புள்ளி இழக்கின்றான். குற்றம் அவனதன்று.

வினாவிடை என்னும் உருவம் பாதிரிமாருடைய ஞானோபதேச வினாவிடையிலிருந்து நாவலர் கடன் கொண்டது என்பாருளர். அவர் அதனை மிஷன் பாடசாலையிற் கண்டறிந்தார் என்பது மெய்யே. ஆயினும் மேலே காட்டியவாறு வினாவும் விடையும் காண்டிகைக்கு உறுப்பென்று நம் முன்னோரே வைத்தனர். சென்னைக் கல்விச் சங்கத்துத் தாண்டவராய முதலியாரும் இலக்கண வினாவிடை எழுதினார். பழைய உறுப்பொன்றைப் புதிய வகுப்பறையிற் பயன்படுத்தக் கற்றவர் நாவலர் என்று கொள்வதே நேரிது.

இலக்கணச் சுருக்கம் எழுத்ததிகாரம், சொல்லதிகாரம், தொடர்மொழியதிகாரம் என மூன்று பகுதியுடையது. நன்னூல் நமக்குக் கிடைத்த அளவில் எழுத்தும் சொல்லுமாகிய இரண்டே அதிகாரமுடையது. தொடரைப் பற்றிய செய்திகள் அதனுட் சொல்லதிகாரத்திலே ஆங்காங்கு விரவிக் கிடக்கின்றன. நாவலர் அவற்றைத் திரட்டித் தனி அதிகாரமாக்கினார். இதுவே அந்நூலின் உயிர் என்று கருதுகின்றாம். பிள்ளை வாசிப்பது எழுத்தையுமன்று, தனிச் சொல்லையுமன்று, தொடரையேயாம். தொகைநிலைத் தொடர், தொகாநிலைத் தொடர் என்னும் பெயர்கள் வாசிப்புக்குத் திறவுகோலாவது அவ்விடத்திலேதான். பகுதிதோறும் தேர்வு வினாக்களையும் சேர்த்தார். அவ்வினாக்கள் சிறியன, ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பன. விடை சொன்ன பிள்ளையின் வாயே அடுத்த வினாவுக்கு வழி திறக்கும்.

இம்முறையைக் குச்சவெளி வகுப்பறையிலே யாம் கையாளுமாற்றைச் சிறிது காட்டுவாம். எம்மூர், திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளியைக் கடந்து புல்மோட்டைக்குப் போகும் வீதியிலுள்ளது. பிள்ளைகள் பலர் கடற்றொழிலாளர் மக்கள். மாமன் கரைவலையை இழுத்தான் என்று கரும்பலகையில் எழுதுவோம். யார் இழுத்தான்? எதை இழுத்தான்? என்ன செய்தான்? மூன்று வினாவுக்கும் விடை வந்தபின்னரே எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் பெயர்களை வைப்போம். பொருள் முன்னே வந்தது. பெயர் பின்னே அதன்மேல் அமர்ந்தது. கரைவலை இழுத்தான் என்று ஐகாரத்தை மறைத்தால் அது தொகைநிலை. கரைவலை என்ற சொல்லே கரைக்கண் நின்று இழுக்கும் வலை என விரியும். உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்ற நீண்ட பெயரைக் கேட்டு அஞ்சும் பிள்ளை, அதனைத் தன் வீட்டு முற்றத்திலேயே கிடக்கக் கண்டு நகைக்கின்றான். வீசுகாற்று என்றால் நேற்று வீசினதும் இன்று வீசுகின்றதும் நாளை வீசுவதும் ஒரு சொல்லில் ஒடுங்கின. காலங் கரந்த அதனை வினைத்தொகை என்க. செஞ்சட்டை வந்தான் என்று பிள்ளைகள் தம்முள் ஒருவனைச் சுட்டினால், சட்டை வரவில்லை, அணிந்தவன் வந்தான், அன்மொழித்தொகை அது. குச்சவெளி திரண்டது என்றால் நிலம் திரளவில்லை, ஊரவர் திரண்டனர், இடவாகுபெயர். அன்மொழித்தொகை இரு சொற்றொடரிற் பிறக்கும், ஆகுபெயர் ஒரு பெயரின்கண் நிற்கும் என்ற வேற்றுமையை இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுதல் எளிது.

உவமையும் உருவகமும் பிள்ளைகளை மயக்குவன. கைபோன்ற அலை என்றால் கை உவமானம், அலை உவமேயம், போன்ற என்பது உவமவுருபு. அலைக்கை என்று மாற்றிவைத்தால் அலையே கையாகிவிட்டது; ஒப்புமை போய் ஒற்றுமை வந்தது; அஃது உருவகம். மதிமுகம் உவமைத்தொகை, முகமதி உருவகம் என்பதை ஆசிரியர் எல்லாருங் கூறுவர். சொல் இடம் மாறியதாற் பொருள் மாறியது ஏன் என்று கேட்டு, பிள்ளை வாயால் விடையை வருவிப்பவர் எத்துணையர்?

இவ்வணிகளை யாம் நாவலருடைய சுருக்கத்திலிருந்து கற்பிக்கக்கூடவில்லை. அதில் யாப்பும் அணியும் தனி அதிகாரங்களாக இல்லை. விசாகப்பெருமாளையர் செய்த அணியிலக்கணத்தையும் யாப்பிலக்கணத்தையுமோ, தண்டியலங்காரத்தையும் காரிகையையுமோ ஆசிரியர் வேறாக நாட வேண்டியிருக்கின்றது. இதனைக் குறையென்றே சொல்லுவாம். எழுத்துஞ் சொல்லும் தொடரும் நிரம்பினால் ஏனையவை தாமே வரும் என்று அவர் கருதினார் போலும். சிறுவர் பாடநூலில் இன்று செய்யுட் பகுதி மிக்கிருத்தலின் அது போதாது. நூல்வகைப் பெயர்களும் அவ்வாறே ஆசிரியர் கையில் விடப்பட்டன. அந்தத்தை ஆதியாகத் தொடுப்பது அந்தாதி. அகப்பொருட்டுறைகளை ஒழுங்குபடக் கோத்தது கோவை. நாவலர் மருதூரந்தாதிக்கு உரை செய்தவர், திருக்கோவையாரை உரையோடு பதிப்பித்தவர். அவற்றின் இலக்கணத்தைப் பிள்ளைக்கு நான்கு வரியில் அவரைப்போலச் சொல்லத்தக்கவர் வேறொருவர் இலர்.

மற்றொரு குறையும் உண்டு. அதனை மறைத்துச் சரித்திரம் எழுதுதல் முறையன்று. அக்காலத்துச் சாதிக்கட்டுப்பாட்டை நாவலர் கடந்தாரல்லர். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறார்க்கு அவர் காலத்துச் சைவப் பாடசாலைகளின் கதவு திறந்திருக்கவில்லை. மிஷன் பாடசாலைகள் சிலவற்றில் இடமிருந்தது. இலக்கணத்தைப் புலவர் வீட்டுத் திண்ணையினின்றும் இறக்கிவந்தவர், அதனை எல்லார் முற்றத்துக்கும் கொண்டுசெல்லவில்லை. அவருடைய புத்தகம் அவரினும் நெடுந்தூரம் நடந்தது. இன்று அதனை எவர் பிள்ளையும் விலைகொடுத்து வாங்கலாம்.

எஞ்சிய சரித்திரத்தைச் சுருக்கிச் சொல்லுவாம். 1861இல் திருக்குறளைப் பரிமேலழகருரையோடு பதிப்பித்தார். 1864இல் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1872இல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பாடசாலையொன்றும் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டினால் அது நெடுநாள் நிலைபெறவில்லை. மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்ற பயனைச் சைவச் சூழலிலேயே பிள்ளைகளுக்கு அளிக்க அவர் எடுத்த அம்முயற்சி தவறியது எமக்கு என்றும் வருத்தந் தருவது. 1877இற் பஞ்சமும் நோயும் வந்தபோது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு அன்னமளித்தார். 1879இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதரை ஆதரித்துப் பேசினார். அவ்வருடம் டிசம்பர் மாதம் 5ஆந் திகதி, கார்த்திகை மகத்திலே, சிவபதமடைந்தார். வயது ஐம்பத்தேழு நிரம்பவில்லை.

அவருக்குப்பின் சதாசிவப்பிள்ளை வித்தியாசாலையையும் அச்சுக்கூடத்தையும் பரிபாலித்து, நூல்களை மீள மீளப் பதிப்பித்தார். பாலபாடமும் இலக்கணச் சுருக்கமும் இன்றும் அச்சிற் கிடைக்கின்றன. எம் பாடசாலை அலுமாரியிலும் சுருக்கத்தின் பழைய பிரதியொன்று உண்டு. அதில் எழுத்ததிகாரத்துத் தாள்கள் இன்னும் வெண்மையாயிருக்கின்றன. தொடர்மொழியதிகாரத்துத் தாள்களோ கைபட்டு நைந்து, ஓரம் நூலிழையாகத் தொங்குகின்றன.